எஸ்தர் ஒதுக்கிய எட்டு இடங்கள்

புனேயின் நிக்டி பகுதியில் எஸ்தர் குடியிருக்கும் வீட்டில் இண்டர்நெட் பெட்டி மாடிப்படி திரும்பும் இடத்தில், ஒரு மரப்பலகையின் மேல் இருக்கிறது. கீழ்வீட்டுக்கும் சேராமல் மேல்வீட்டுக்கும் சேராமல் அது அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. கீழே எஸ்தர், அவள் கணவன் ஸ்டீபன், பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமனார் ஆரோக்கியசாமி. மேலே ஸ்டீபனின் அக்கா பவுன், அவள் கணவர், மகள் ரீனா. வீடு இரண்டு, இணைப்பு ஒன்று. பெட்டி கீழே இருந்தால் மேலே வேகம் கிடைக்காது என்றாள் பவுன். மேலே இருந்தால் தன் கைக்கு எட்டாதே என்று எஸ்தருக்குப் பயம். லைன் இழுக்க வந்த ஆள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு யாரையும் கேட்காமல் நடுப்படியில் ஆணி அடித்து, பெட்டியை மாட்டிவிட்டுப் போனான்.

பயம் எஸ்தருக்குப் புதிதில்லை. பாளையங்கோட்டையில் பத்தாவது வரை தமிழிலும் அதற்கு மேல் ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டு மொழியிலும் பயப்படத் தெரியும் என்று ஸ்டீபன் கேலி செய்வான். கல்யாணமாகிப் புனே வந்த பிறகு இந்தியும் மராத்தியும் சேர்ந்துகொண்டன. பேருந்தின் நெற்றியில் எண் மராத்தியில் எழுதியிருக்கும். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். இருந்தாலும் ஏறுவதற்கு முன் ஒருவரிடமும் ஏறிய பின் இன்னொருவரிடமும் இது பிம்ப்ரி போகுமா என்று கேட்டுவிடுவாள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் ஊரில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று மனதில் ஒரு சுற்று ஓடிவிடும். பெரும்பாலும் அது கடன் அட்டை விற்கிற பெண்ணாக இருக்கும். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதும் எஸ்தருக்கு வருகிற நிம்மதியில் அட்டையை வாங்கிவிடுவாளோ என்று ஸ்டீபனுக்குக் கவலை.

முன்பு பிம்ப்ரியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு ஏற்றும் வேலையில் இருந்தாள். அந்த அலுவலகத்தை மூடினார்கள். அடுத்த சில மாதங்களில் ஆரோக்கியசாமி குளியலறையில் விழுந்தார். மருந்து ஆலையில் ஆயுசு முழுக்கப் பெரிய பெரிய கொதிகலன்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன். இப்போது இடது கை அசைவதில்லை, பேச்சும் போய்விட்டது. வலது கையில் ஒரு ஸ்பூன் வைத்திருப்பார். ஏதாவது வேண்டும் என்றால் கட்டில் கம்பியில் அதைத் தட்டுவார். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதே தட்டு, வலிக்கிறது என்றாலும் அதே தட்டு. எது எதற்கு என்று எஸ்தருக்குத்தான் ஓரளவு பிடிபடும். ஆகாரத்தை நீர்க்கக் கரைத்து, தலையைச் சாய்த்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். ஒரு தடவை அப்படி ஆகி, முகம் நீலமாகிப் போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இந்த நிலையில் வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தது. ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலை. கம்பெனியே லேப்டாப் அனுப்பியது. அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. வேலை நேரத்தில் லைன் அறுந்து, கொஞ்ச நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால், லேப்டாப்பே அதைக் கவனித்து ஒரு குறி போட்டுவிடும். தகுதிகாண் காலத்தில் மூன்று குறி விழுந்தால் வீட்டிலிருந்து வேலை ரத்து. ஹடப்சர் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும். போனில் இருந்து நெட் எடுத்துக் கொடுப்பதும் கூடாது; நோயாளிகளின் விவரம் இருப்பதால் பதிவு செய்த வீட்டு லைன் மட்டுமே. ஹடப்சர் ஊரின் மறுகோடி. பிம்ப்ரி வரை பேருந்து, அப்புறம் மெட்ரோ, சுவார்கேட்டில் இறங்கி மறுபடி பேருந்து. விடிந்ததும் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்ப முடியும். அதுவரை அந்த ஸ்பூன் சத்தத்துக்கு யார் ஓடுவது?

ஸ்டீபன் சாக்கனில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவனால் முடியாது. பவுன் இருக்கிறாள், சொந்த மகள்தான். தினமும் சாயங்காலம் இறங்கி வந்து கதவருகில் நின்று, அப்பா சாப்பிட்டாச்சா, தூங்குனாவளா என்று கேட்டுவிட்டு மேலே ஏறிவிடுவாள். கட்டில் பக்கம் வந்ததில்லை. அப்பாவை அந்தக் கோலத்தில் பார்க்கத் தனக்குத் தாங்காது என்று, கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்களிடம் சொல்லி அழுதிருக்கிறாள். தாங்குகிற பொறுப்பு எப்படியோ எஸ்தருக்கு வந்து சேர்ந்தது. ஏன் தனக்கு என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்.

முதல் குறி ஒரு வியாழக்கிழமை விழுந்தது. பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தினார்கள். வியாழன்தோறும் நிறுத்துவார்கள் என்பது ஊருக்கே தெரியும், எஸ்தருக்கும் தெரியும். அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி வாங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் நாள் போயிற்று. மறுநாளே வாங்கினாள். இரண்டாவது குறிக்குப் பவுன் காரணம். மேலே போகிற வயர் படிக்கட்டு ஜன்னல் வழியாகப் போகிறது. தூசி வருகிறதென்று பவுன் ஜன்னலை ஓங்கிச் சாத்தினாள். வயர் நசுங்கி, பெட்டி இழுபட்டுக் கீழே தொங்கியது. எஸ்தர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து பார்த்தபோது பவுன், "அரே, இத்தினி சின்ன விஷயத்துக்கா இந்த ஓட்டம்?" என்று சிரித்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குறி. அதற்குப் பிறகு எஸ்தர் நடமாடியதைப் பார்த்தால், வீட்டில் ஒரு கைக்குழந்தை தூங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். பெட்டியின் பச்சை விளக்கு தெரிகிற மாதிரி நாற்காலியை வாசலுக்கு நேரே போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். விளக்கு சிமிட்டினால் இவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது சிமிட்டத்தான் செய்யும், சிமிட்டாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்று ரீனா சொன்னாள். அன்றிலிருந்து சிமிட்டுகிறதா என்றும் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாதா சுரூபம் வீட்டுக்கு வருகிறது என்ற செய்தி வந்தது. அக்டோபர் மாதம் அன்பியத்தில் சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகச் சுற்றும். போகிற வீட்டில் எல்லாரும் கூடிச் செபமாலை சொல்வார்கள். நோயாளி இருக்கிற வீடு என்பதால் இவர்களுக்கு முன்னுரிமை. பக்கத்து வீட்டு மேரி அக்காதான் அன்பியத் தலைவி. சந்தோஷமாக வந்து சொன்னாள். எஸ்தரும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். ஆட்டும்போதே வேறொரு கணக்கு உள்ளே ஓடிற்று.

மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சமயம் இப்படித்தான் ஒரு செபக்கூட்டம் நடந்தது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி பவுன் வைஃபை பாஸ்வேர்டையும் கொடுத்தாள். நம்ம வீட்டுக்கு வந்துவிட்டு யாராவது சொந்த டேட்டாவைச் செலவழிப்பார்களா என்பது அவள் நியாயம். அன்று ஒட்டிக்கொண்ட போன்கள் இந்த வீட்டு வாசலை மிதித்ததும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். மேரி அக்கா வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் சுவர் ஒன்று. அவர்கள் வீட்டில் கிரிக்கெட் ஓடினால் எஸ்தரின் ஆஸ்பத்திரி பில் திறக்க மறுக்கும்.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்று ஸ்டீபனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். மாற்றினால் அக்கா வீட்டு டிவி முதற்கொண்டு எல்லாவற்றிலும் புதிதாகப் போட வேண்டும். ஏன் மாற்றினாய் என்று அக்கா கேட்பாள். நீ எல்லாருக்கும் கொடுத்ததால் என்று சொல்ல வேண்டி வரும். அப்புறம் ஈஸ்டர் வரை அவள் பேசமாட்டாள். மேரி அக்கா மட்டும் விடுவாளா, புதுப் பாஸ்வேர்டு என்ன என்று வாசலில் நின்றே கேட்பாள், அப்போது இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வருமா என்றான். எஸ்தருக்கு வராது. அது அவளுக்கே தெரியும்.

யாரிடமும் இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று ஆக்க ஒரு வழி வேண்டியிருந்தது. யாரோ ஒரு பையன் படபடவென்று பேசுகிற வீடியோவில் அது கிடைத்தது. பெட்டிக்குள் ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே போய், எத்தனை கருவிகளுக்கு இடம் கொடுப்பது என்று எண் போட்டுவிடலாம். எஸ்தர் வீட்டுக் கருவிகளை எண்ணினாள். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து லேப்டாப், போன், டிவி என்று எட்டு வந்தது. எட்டு என்று போட்டாள். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் வரட்டும், தட்டட்டும்; உள்ளே இடம் இருக்காது. யார் மனமும் நோகாது. பழி பெட்டி மேல் போகும்.

சுரூபம் வருகிற அன்று வேலை முடிந்து, லேப்டாப்பை அணைத்துப் பையில் வைத்த பிறகு, தன் போனிலிருந்து அதைச் செய்தாள். சேமி என்று அழுத்தியதும் பெட்டி தானே ஒருமுறை அணைந்து எரிந்தது. மேலே டிவி நின்று வந்ததைக் கேட்டு, பவுன் என்னவென்று குரல் கொடுத்தாள். கரண்ட் விளையாடுது மைனி என்றாள் எஸ்தர்.

அன்று வீடு கொள்ளாத கூட்டம். செருப்புகள் கேட்டுக்கு வெளியே வரை கிடந்தன. சுரூபத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள் எரிய, ஆரோக்கியசாமியின் கட்டிலை நடுவில் வைத்துச் செபமாலை சொன்னார்கள். அவர் ஸ்பூனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அம்பர்நாத்தில் இருக்கும் பவுனின் சித்தி வீடியோவில் சேர்ந்துகொண்டாள். சுண்டல் கொடுக்கிற நேரத்தில் இரண்டொருவர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்து, நெட் வரவில்லையே என்றார்கள். பவுனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எஸ்தர் சுண்டல் தட்டோடு ஒன்றுமே தெரியாதவள்போல் நகர்ந்தாள். கைவரிசை வேலை செய்கிறது என்று உள்ளே ஒரு குளிர்ச்சி. வெகுநாளைக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்தது. அன்று ரீனாவுக்குப் பரீட்சை. பெரிய கம்பெனி ஒன்று கல்லூரிப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க வைக்கிற தேர்வு, வீட்டிலிருந்தே எழுதுவது. கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். வேறு குரல் கேட்டாலோ, லைன் அறுந்தாலோ தேர்வு அங்கேயே முடிந்துவிடும், மறுவாய்ப்பு கிடையாது. பவுன் முந்தின நாளே மிக்ஸியை மூட்டை கட்டி வைத்தாள். வாசல் மணியில் டேப் ஒட்டினாள். குக்கர் விசில் கூடாது என்று கீழ்வீட்டுக்கும் உத்தரவு வந்தது. எஸ்தர் மாமனாருக்குக் காலை ஆகாரம் கொடுத்து, துடைத்துவிட்டு, லேப்டாப் முன் உட்கார்ந்தபோது மேலே தேர்வு தொடங்கியிருந்தது.

லேப்டாப் விழித்தது. வைஃபை பெயரைக் காட்டியது. தொட்டாள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இணைய முடியவில்லை என்றது. மறுபடி தொட்டாள். மறுபடி அதே. எழுந்து பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. கையிலிருந்த போனில் நெட் வந்தது. மேலே ரீனாவுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்புக்கு மட்டும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. ஊரில் பேருந்து வந்து நிற்கிறபோது, ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிப்பார்களே, அந்தக் கதைதான். எட்டு இடம் என்று போட்டாளே தவிர, யார் யாருக்கு என்று சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. பெட்டி அணைந்து எரிந்த நேரத்தில் அவள் லேப்டாப் பையில் தூங்கியது. வீட்டில் விழித்திருந்த கருவிகள் முதலில் இடம் பிடித்தன. மிச்ச இடங்களைச் செபமாலைக்கு வந்தவர்களின் போன்கள் பிடித்துக்கொண்டன. வந்தவர்கள் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கைக்குட்டைகள் போகவில்லை. ஒருமுறை கொடுத்த இடத்தைப் பெட்டி ஒரு முழு நாள் காவல் காக்கும் என்பதை அந்தப் படபடப் பையன் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னபோது அது முக்கியமாகப் படவில்லை.

தன் போனை அணைத்துப் பார்த்தாள். அதன் கைக்குட்டையும் அங்கேயே கிடந்தது. போனிலிருந்து பெட்டிக்குள் போய் எட்டை இருபது ஆக்கலாம். ஆக்கிச் சேமித்தால் பெட்டி அணைந்து எரியும். சுவிட்சை அணைத்துப் போட்டாலும் கைக்குட்டைகள் எல்லாம் பறந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும். இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் மேலே இருக்கிற பிள்ளையின் லைன் அறுந்துவிடும்.

லேப்டாப்பின் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. அது முடிந்ததும் குறி விழும்.

எஸ்தர் படியேறி நடுத்தளத்துக்கு வந்தாள். சுவிட்ச் மேல் விரலை வைத்தாள். அணைக்க வேண்டும் என்று வைத்தாளா, அது அங்கே இருக்கிறதா என்று பார்க்க வைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. மேலே கதவு சத்தமில்லாமல் திறந்தது. பவுன் வெளியே வந்து, கதவை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்தினாள். விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"ஏட்டி, கையை எடு." குரலே இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. மைக் கேட்டுவிடும் என்ற பயம்.

எஸ்தரும் காற்றாகவே பேசினாள். லேப்டாப்பைக் காட்டி, பெட்டியைக் காட்டி, எட்டு விரலைக் காட்டி, நேற்று வந்த கூட்டத்தைக் கையால் வட்டம் போட்டுக் காட்டி என்னென்னவோ சொன்னாள். பவுனுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது, இவள் அணைக்கப் போகிறாள் என்பது மட்டும்தான். படிகளில் இறங்கி வந்து எஸ்தரின் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்துச் சண்டை போடுவதை அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"உன் வேலை நாளைக்கும் இருக்கும். எம் பிள்ளைக்கு இன்னைக்கு விட்டா பாத் கதம், அம்புட்டுத்தான்."

"நாளைக்கு இல்ல மைனி. அதத்தான் சொல்லுதேன். இது மூணாவது."

"மூணாவதுன்னா என்ன, தூக்குலயா போடப் போறாவ? ஹடப்சர் போயிட்டு வா. எத்தன பேரு போறாவ, உனக்கு மட்டும் என்ன கால் வலிக்கா?"

எஸ்தர் அவள் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. அதுவும் காற்றாகத்தான் வந்தது.

"நான் போனா மாமாவ யாரு பாப்பா?"

பவுனின் பிடி தளரவில்லை. கதவுக்கு அப்பால் ரீனா தட்டச்சு செய்கிற சத்தம் மட்டும் கேட்டது, தட்டுவதும் நிற்பதும் மறுபடி தட்டுவதுமாக. நிற்கிறபோதெல்லாம் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

எஸ்தர் யோசித்தது நெடுநேரம் போலத் தோன்றியது. உண்மையில் கொஞ்ச நேரம்தான். விரலை அழுத்தினால் தன் வேலை தப்பிக்கும். தன் பயத்துக்குத் தான் போட்ட வேலியில் அந்தப் பிள்ளை மாட்டிக்கொள்ளும். தேர்வு முடிந்து ரீனா கீழே வந்து, அத்தே, நெட் ஏன் போச்சு என்று அவளுடைய ஒடிந்த தமிழில் கேட்டால் என்ன சொல்வது? கரண்ட் விளையாடிற்று என்றா? அதை நேற்றே ஒருமுறை சொல்லியாகிவிட்டது.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். பவுன் மணிக்கட்டை விட்டாள். எஸ்தர் அங்கேயே படியில் உட்கார்ந்து, டீம் லீடர் சந்திரிகாவுக்குப் போன் செய்தாள். கோயம்புத்தூர்க்காரி, நேரில் பார்த்ததில்லை, குரலைத்தான் தெரியும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நடந்தது எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு இடம் போட்டது தான்தான் என்பதையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் பழியைப் பெட்டி மேல் போட்டிருக்கலாம் என்பது பாதியில் தோன்றியது. அதற்குள் வாய் முந்திவிட்டது.

சந்திரிகா கடைசி வரை கேட்டாள். "ஏனுங்க எஸ்தர், நான் குறி போடறதில்லீங்க. அது தானாப் போட்டுக்குது. அழிக்கற அதிகாரம் எனக்கு இல்லீங்க," என்றாள். பிறகு குரலைத் தணித்து, திங்கட்கிழமை ஹடப்சர் வந்துவிடுங்கள், மூன்று மாதம் ஒழுங்காக வந்தால் மறுபடி வீட்டிலிருந்து கேட்கலாம், நானே எழுதித் தருகிறேன் என்றாள். எஸ்தர் சரிங்க என்றாள்.

போனை வைத்ததும் கீழே ஸ்பூன் தட்டியது.

அவள் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை இதே சத்தம் கேட்கும், தான் மெட்ரோவில் நின்றுகொண்டிருப்போம் என்று நினைத்தாள். ஸ்பூன் மறுபடி தட்டியது, இந்த முறை வேகமாக. அது மேல்வீட்டு மைக்குக்குக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற புதுப் பயமும் சேர்ந்துகொண்டது. அதே பயம் பவுனுக்கும் வந்திருக்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எஸ்தரைத் தாண்டி, வெறுங்காலோடு விறுவிறுவென்று இறங்கினாள். கதவருகில் ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

சத்தம் நின்றது. எஸ்தர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பவுன் வாசலில் தலையை நீட்டினாள். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் விரித்து, உதட்டை மட்டும் அசைத்து, "என்ன கேக்காவன்னு தெரியலயே. வா," என்றாள்.

எஸ்தர் இறங்கிப் போனாள். ஆரோக்கியசாமிக்குத் தண்ணீரும் வேண்டியிருக்கவில்லை, வலியும் இல்லை. போர்வையின் ஒரு முனை காலுக்கடியில் மடிந்து அழுத்திக்கொண்டிருந்தது. எஸ்தர் அதை இழுத்துவிட்டாள். பவுன் கட்டில் ஓரமாக நின்று, இவள் கை எங்கே போகிறது, எப்படித் தூக்குகிறாள் என்று கண் கொட்டாமல் பார்த்தாள். மத்தியான ஆகாரம் கொடுக்கும்போதும் கூடவே இருந்தாள். எவ்வளவு சாய்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், விழுங்கிவிட்டார் என்று எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எஸ்தர் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும், இது மைனிக்கு வருமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. ரீனா தேர்வை முடித்துவிட்டு இறங்கி வந்து, வேர்த்த முகத்தோடு, ஏதோ எழுதியிருக்கேன், பார்க்கலாம் என்றாள். அதன் பிறகு ஸ்டீபன் வந்து எட்டை எடுத்துவிட்டுப் பழையபடி வைத்தான். மேரி அக்கா வீட்டில் கிரிக்கெட் தங்கு தடையின்றி ஓடியது.

திங்கட்கிழமை எஸ்தர் இரண்டு பேரிடம் கேட்டுப் பேருந்தில் ஏறி, மெட்ரோவில் நின்றபடியே போய், சுவார்கேட்டில் தப்பான பக்கம் இறங்கி ஏறி, ஒருவழியாக ஹடப்சர் வந்து சேர்ந்தாள். வழியில் பவுனிடமிருந்து ஓயாமல் போன். கஞ்சி கட்டியாகிவிட்டதே, வெந்நீர் விடலாமா? இடது பக்கம் ஒருச்சாய்க்கவா, வலது பக்கமா? அப்பா என்னைப் பார்த்து முறைக்காவ, ஏன்? அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார் மைனி என்று எஸ்தர் மெட்ரோவில் கூட்டத்துக்கு நடுவே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத்தில் நுழைந்தபோது போன் வருவது நின்றது. நின்றது இன்னும் மோசமாக இருந்தது.

பெரிய கூடம். வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர். மத்தியானம் நெருங்குகிற நேரத்தில் திரையில் பில் பாதி திறந்து அப்படியே நின்றுபோயிற்று. மூலையில் நெட் குறியின் மேல் சின்ன சிவப்புக் கோடு. எஸ்தர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, பெட்டி எங்கே, பச்சை விளக்கு எங்கே என்று கூடம் முழுக்கக் கண்ணால் தேடினாள். சுற்றிலும் எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவன் கைதட்டினான். மொத்த அலுவலகத்துக்கும் லைன் போய்விட்டது. பக்கத்து இருக்கைப் பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இங்கே போனால் யாருக்கும் குறி இல்லை, வாங்க, சாயா குடிக்கலாம் என்று இந்தியில் சொன்னாள்.

எஸ்தர் போகவில்லை. ஆகாரம் கொடுக்கிற நேரம் அது. வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அந்த நீல முகம் கண்முன் வந்தது. மூன்றாம் தடவை எடுத்தார்கள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தமும், யாரோ தொண்டையைச் செருமும் சத்தமும் கேட்டன.

"கை சோலியா இருக்கேன்டி. பாதிக் கிண்ணம் போயிருக்கு. அப்புறம் பேசு," என்று சொல்லிப் பவுன் வைத்துவிட்டாள்.

பாதிக் கிண்ணம் என்றால் பரவாயில்லை. செருமியது அவராக இருந்தால் புரையேறியதா, சும்மா செருமினாரா? கேட்பதற்குள் வைத்துவிட்டாளே. இன்னொரு தடவை போட விரலைக் கொண்டுபோனாள். இப்போது போட்டால் பவுன் கிண்ணத்தைக் கீழே வைக்க வேண்டி வரும் என்று தோன்றியது. விரலை எடுத்தாள். திரை இன்னும் உறைந்தே இருந்தது. எஸ்தர் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, சாயா கொடுக்கிற இடம் எது என்று வழியில் இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு போனாள்.